ஒன்பது ஆசிரியர்கள் சேர்ந்தால்: பள்ளியில் தலைமைப் பண்பு வளரும் வழி

கேள்வி இது: "நாங்கள் ஒன்பது ஆசிரியர்கள் இருக்கும் அரசு நடுநிலைப் பள்ளி. மாணவர்களிடம் தலைமைப் பண்பை வளர்க்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறோம். ஆளுக்கொரு முயற்சி நடக்கிறது, எதுவும் நிலைக்கவில்லை. ஆசிரியர்கள் சேர்ந்து செய்ய என்ன வழி? உண்மையைச் சொன்னால், எங்களுக்கே அந்தப் பண்பு போதவில்லை என்று தோன்றுகிறது."

உங்கள் கடைசி வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். அதை ஒப்புக்கொண்ட ஆசிரியர் இருக்கும் பள்ளியில் வேலை பாதி சுலபம்.

நான் 26 வருடம் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் வேலை பார்த்தேன். முதல் பத்து வருடம் என் வகுப்புக்குள் சக ஆசிரியர் ஒருவர்கூட வந்து உட்கார்ந்தது கிடையாது. நானும் யார் வகுப்புக்கும் போனதில்லை. அதிகாரி ஆய்வுக்கு வருவார், பாடக்குறிப்பைப் புரட்டுவார், பதிவேட்டில் எழுதிவிட்டுப் போவார், அவ்வளவுதான். பக்கத்து அறையில் ஒரு டீச்சர் கழித்தல் கணக்கை என்னைவிடப் பல மடங்கு நன்றாக நடத்திக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு சுவர்தான். எனக்கு அது தெரியவே தெரியாது. பிள்ளைகளிடம் மட்டும் "சேர்ந்து செய்யுங்கள், தெரியாததைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள், பயப்படாமல் பேசுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த மூன்றில் ஒன்றைக்கூட ஆசிரியர் அறையில் நான் செய்ததில்லை.

அதனால், மாணவர் தலைமைக்கென்று தனியாகத் திட்டம் போடுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் ஒன்பது பேரும் ஒருவர் வகுப்பை ஒருவர் போய்ப் பாருங்கள். பிள்ளைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அங்கிருந்து தெரியவரும். ஏன் இந்த வரிசை என்று சொல்கிறேன்.

நம் பள்ளிகளில் தலைமை என்றதும் நினைவுக்கு வருவது வகுப்பு லீடர். ஆசிரியர் வெளியே போனதும் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் பேசியவர்கள் பெயரை எழுதுபவன். வேண்டியவன் பெயரை அழிப்பான், வேண்டாதவன் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறியாகப் போட்டுக்கொண்டே போவான். இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதும் அவன்தான், அவர்களை மிரட்டி வைப்பதும் அவன்தான்.

நம் சென்னையில் இன்னொரு கதையும் நடந்திருக்கிறது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-ல் இங்கே ராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்துக்குக் கண்காணிப்பாளர் ஆனார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, அதைத் தன் பள்ளியிலும் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. சரி என்று எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார். அவன் செய்து காட்டினான். அதிலிருந்து பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஏற்பாடு வளர்ந்தது. பெல் 1797-ல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவியது.

கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதையில் என் மனதை உறுத்துவது ஒன்று உண்டு. பெரியவர்கள் சேரவில்லை என்பதற்காகப் பிள்ளைகள் கையில் பொறுப்பு போனது. இங்கிலாந்தில் அந்த முறை வளர்ந்தபோது, ஒரே ஆசிரியருக்குக் கீழே நூற்றுக்கணக்கான பிள்ளைகளை உட்காரவைத்து மேய்க்கும் மலிவான வழியாக ஆயிற்று. ஆசிரியர்கள் ஒன்றுசேராத பள்ளியில் மாணவனுக்குப் பொறுப்புக் கொடுத்தால் அவன் சட்டாம்பிள்ளை ஆகிறான். நம்மிடம் பார்த்ததைத்தானே அவனும் செய்வான்?

இனி, ஒருவர் வகுப்பை ஒருவர் பார்ப்பது என்றால் என்ன என்று பார்ப்போம். இதை ஒழுங்கான முறையாகவே வைத்திருப்பவர்கள் ஜப்பானியத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள். 'ஜுக்யோ கென்க்யூ' என்பார்கள். பாட ஆய்வு என்று சொல்லலாம். நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது. 1990-களின் கடைசியில் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதிய பிறகுதான் வெளியுலகம் கவனித்தது. செய்வது எளிது. சில ஆசிரியர்கள் சேர்ந்து, பிள்ளைகள் தடுமாறும் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வார்கள். பாடக்குறிப்பைச் சேர்ந்து தயாரிப்பார்கள். எந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் என்ன பதில் சொல்லக்கூடும், தப்பாகச் சொன்னால் அது எந்த மாதிரித் தப்பாக இருக்கும் என்றுகூட முன்னாலேயே எழுதிவைப்பார்கள். பிறகு ஒருவர் அந்தப் பாடத்தை நடத்துவார். மற்றவர்கள் சுவரோரமாக நின்று பார்ப்பார்கள், குறுக்கே பேசமாட்டார்கள். அவர்கள் கண் ஆசிரியர் மேல் இருக்காது, பிள்ளைகள் மேல் இருக்கும். யார் எங்கே தடுமாறினார்கள், யார் நோட்டில் எதை எழுதி எதை அழித்தார்கள் என்று குறிப்பார்கள். முடிந்ததும் உட்கார்ந்து பேசுவார்கள். பாடம் நடத்தியவர் முதலில் பேசுவார்.

அந்தப் பாடம் எல்லோரும் சேர்ந்து தயாரித்தது. அதனால் சரியாகப் போகாவிட்டாலும் நடத்தியவர் தலையில் பழி விழாது. "நாம் போட்ட அந்தக் கேள்வி வேலை செய்யவில்லை" என்றுதான் பேச்சு வரும். இந்த 'நாம்' என்ற சொல் வருவதற்கு எங்கள் பள்ளியில் ஆறு மாதம் பிடித்தது.

எங்கள் முதல் பாடம் ஐந்தாம் வகுப்புப் பின்னம். மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா? வருடா வருடம் பாதி வகுப்பு நான்கில் ஒன்று என்றுதான் சொல்லும், மூன்றைவிட நான்கு பெரியது என்பதால். ஒரே நீளக் காகிதத் துண்டுகளைக் கொடுத்து மடிக்கச் சொல்வது என்று முடிவு செய்தோம். நான்தான் நடத்தினேன். பாடம் அருமையாகப் போனது என்று நினைத்துக்கொண்டு பேச உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்பு டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், கடைசி வரிசை ஜன்னல் பக்கத்துப் பெண் முதல் மூன்று நிமிடத்திலேயே மடித்துக் கண்டுபிடித்துவிட்டாள். பக்கத்தில் இருந்த பையனிடம் காட்டினாள். அவன் எழுந்து சொன்னான். நீங்கள் அவனைக் கைதட்டிப் பாராட்டினீர்கள். அவள் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள்."

நான் அதைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண் என் வகுப்பில் ஏழு மாதமாக இருந்தாள். அமைதியான பிள்ளை, சுமாராகப் படிப்பாள் என்று மனதில் எழுதிவைத்திருந்தேன். கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்குக் கடைசி வரிசை தெரியாது, அங்கே நிற்கிற இன்னொரு பெரியவருக்குத் தெரியும். பாட ஆய்வு எனக்குக் கொடுத்த பெரிய பாடம் இதுதான். வகுப்பில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் தலைமையை நாம் தனியாக நின்று பார்க்க முடிவதில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு சின்ன மாற்றம் செய்தோம். எந்த வகுப்பிலும், பதில் சொல்ல எழுகிற பிள்ளை முதலில் தன் பக்கத்தில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்பதைச் சொல்ல வேண்டும், பிறகு தன் பதில். எங்கள் பள்ளியில் எல்லா ஆசிரியர் வகுப்பிலும் ஒரே வழக்கம். முதல் வாரம் "அவ ஒண்ணும் சொல்லல சார்" என்றார்கள். "அப்படியென்றால் கேட்டுவிட்டுச் சொல்" என்றோம். ஒரு மாதத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கினார்கள். தனியாக நான் மட்டும் செய்திருந்தால் அடுத்த பீரியடில் அது கரைந்து போயிருக்கும். உங்கள் பள்ளியில் ஆளுக்கொரு முயற்சி நிலைக்காமல் போவதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பிள்ளைக்கு ஒரு பழக்கம் படிய வேண்டுமென்றால் காலையிலும் மதியத்திலும், தமிழ் வகுப்பிலும் கணக்கு வகுப்பிலும் அது ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். செலவில்லை. ஒரு வகுப்பின் பெயர்ப் பட்டியலை ஆசிரியர் அறையில் ஒட்டுங்கள். அந்த வாரம் எந்தப் பிள்ளையிடம் பாடம் தவிர்த்து ஏதாவது ஒன்றைப் பேசினோமோ அந்தப் பெயருக்கு நேரே ஒவ்வொருவரும் டிக் போடட்டும். எங்கள் பள்ளியில் 31 பிள்ளைகள் இருந்த ஒரு வகுப்புக்குச் செய்தோம். வெள்ளிக்கிழமை பார்த்தால் 8 பெயருக்கு நேரே ஒரு டிக் கூட இல்லை. வேறு சில பெயர்களுக்கு ஏழெட்டு டிக். அந்தப் பட்டியலைப் பார்த்தபடி நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம். மாணவர் தலைவருக்கு வழக்கமாக யாரைப் பரிந்துரைப்போம் என்று யோசித்தால், அந்த ஏழெட்டு டிக் வாங்கியவர்களைத்தான். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அந்தத் தாளே சொல்லிவிட்டது.

ஜப்பான் கதையெல்லாம் நம் ஊருக்கு ஒத்துவருமா என்று உங்கள் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அவர்களுக்கு 2003-ஐ நினைவுபடுத்துங்கள். சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் முயற்சியில், பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தங்கள் வேகத்தில் தாங்களே படிக்கும் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆசிரியர்களை ஆந்திரத்தில் உள்ள ரிஷிவேலிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவர்கள் அங்கே பார்த்தார்கள், திரும்பி வந்து நம் பாடத்துக்கேற்ற அட்டைகளைத் தாங்களே உட்கார்ந்து உருவாக்கினார்கள். 2007-08-ல் மாநிலம் முழுக்க உள்ள தொடக்கப் பள்ளிகளுக்கு அது போனது. எந்த வரிசையில் படிப்பது என்று காட்டும் ஏணிப்படி, அட்டை, அதில் வேலையைக் குறிக்கும் சின்னம், பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடும் கம்பிப்பந்தல், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை, தன் வருகையைப் பிள்ளையே பதியும் சுய வருகைப் பதிவு என்று எல்லாம் வந்தது. அதைப் பற்றிப் பல விமர்சனம் உண்டு, எனக்கும் உண்டு. மாநிலத்துக்கு ஒரே அடியாக விரித்தபோது, முதல் 13 பள்ளிகளில் ஆசிரியர்கள் கையில் இருந்த உருவாக்கும் வேலை மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. அச்சடித்த அட்டைதான் எங்களுக்கு வந்தது. சேர்ந்து உருவாக்கியவர்களுக்கு அது சொந்தமாக இருந்தது, எங்களுக்குச் சுற்றறிக்கையாக இருந்தது.

இருந்தாலும் ஒரு காட்சி எனக்கு மறக்காது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தன் அட்டையைத் தானே எடுத்து, தன் குழு எங்கே என்று பார்த்து, பாய் மேல் போய் உட்கார்ந்து, தன்னைவிடச் சின்னப் பிள்ளைக்கு உதவி செய்யும். நானும் தரையில் உட்கார்ந்திருப்பேன். எந்த அட்டை முடிந்தது, அடுத்து எது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும், என்னைக் கேட்க வேண்டியதில்லை. ஏழு வயதில் அது பெரிய விஷயம்.

அப்புறம் மாணவர்களுக்கான பொறுப்புகள். நாங்கள் செய்த ஒரு தவறை முதலில் சொல்கிறேன், நீங்கள் அதைச் செய்யாமல் இருக்கலாம். ஒரு வருடம் மாணவர் தேர்தல் வைத்தோம். வாக்குச்சீட்டு, பெட்டி, விரலில் மை எல்லாம் உண்டு. நல்ல நோக்கம்தான். மூன்றாவது நாள் மிட்டாய் விநியோகம் ஆரம்பமானது. நான்காவது நாள் எந்தத் தெருப் பிள்ளை யாருக்குப் போடும் என்று கணக்குப் போட்டார்கள். ஊர்த் தேர்தல் அப்படியே எங்கள் பள்ளி மைதானத்துக்குள் வந்துவிட்டது. ஜெயித்த பையன் நல்லவன்தான், ஆனால் அவனுக்கு ஓட்டுப் போடாதவர்கள் வருடம் முழுக்க அவன் சொல் கேட்கவில்லை.

அதன்பிறகு சுழற்சிக்கு மாறினோம். ஜப்பானியப் பள்ளிகளில் 'நிச்சொக்கு' என்று ஒரு வழக்கம் உண்டு. அன்றைய பொறுப்புப் பிள்ளை என்று அர்த்தம். வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் வரும். கெட்டிக்காரன், பயந்தவன் என்ற பேதம் கிடையாது. மதிய உணவு பரிமாறுவதும் அங்கே பிள்ளைகளின் முறைதான். எங்கள் பள்ளியில் இரண்டு வாரத்துக்கு ஒரு குழு என்று வைத்தோம். காலை வணக்கக் கூட்டம், நூலக நேரம், தோட்டம், விளையாட்டுச் சாமான்கள் ஆகிய நான்கு வேலை. ஒவ்வொன்றிலும் அந்தக் குழு ஒரு முடிவாவது தானாக எடுக்க வேண்டும் என்பதை விதியாக்கினோம். காலைக் கூட்டத்தில் செய்தி வாசிப்பதோடு நின்றால் பயன் குறைவு. எந்தச் செய்தி என்று தேர்ந்தெடுப்பதும் அவர்கள் வேலை. பந்து இரண்டுதான் இருக்கிறது, ஆறாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் எப்படிப் பிரிப்பது என்பதை அவர்களே தீர்க்க வேண்டும். ஒருமுறை மிக மோசமாகப் பிரித்தார்கள், சண்டை வந்தது. உடற்கல்வி சார் தலையிடப் போனார், நாங்கள் கையைப் பிடித்து நிறுத்தினோம். இரண்டு நாளில் அவர்களே மாற்றிக்கொண்டார்கள்.

இப்போது அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பரில் தொடங்கிய 'மகிழ் முற்றம்' இருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். புதிதாக ஒரு அமைப்பை உண்டாக்காமல் இதையே நீங்கள் பயன்படுத்தலாம். பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே குழுவில் வருவது இதில் நல்ல அம்சம். ஐந்து குழுவின் பொறுப்பாசிரியர்களும் மாதம் ஒருமுறை உட்கார்ந்து எந்தப் பிள்ளைக்கு இன்னும் முறை வரவில்லை என்று பார்த்தால் போதும். குழுப் புள்ளிகளில் அதிகம் மூழ்க வேண்டாம் என்பது என் கருத்து. புள்ளிக்காக ஓடும்போது கெட்டிக்காரப் பிள்ளையைத்தான் எல்லாரும் முன்னால் தள்ளுவோம்.

ஒன்றை இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். பொறுப்பு கொடுக்கும்போது யாருக்கு எந்த வேலை போகிறது என்று கவனியுங்கள். பெண் பிள்ளைகளுக்குக் கோலமும் வரவேற்புத் தட்டும், ஆண் பிள்ளைகளுக்கு மைக்கும் கொடியும் என்று போனால், நாம் அங்கே வளர்ப்பது வேறு எதையோ. பெருக்குவது, குப்பை அள்ளுவது என்றால் எப்போதும் குறிப்பிட்ட சில பிள்ளைகள் பெயரே வாயில் வருகிறதா என்று பாருங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பிறகு, மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பிள்ளைகளை அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்று அதில் ஒரு பரிந்துரை இருக்கிறது. படிக்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். யார் பக்கத்தில் யார் உட்கார்கிறார், யார் யாருடைய பேச்சைக் கேட்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கும் பிள்ளை சொல்வதை மற்றப் பிள்ளைகள் எதனால் கேட்கவில்லை என்று ஒன்பது ஆசிரியர்களும் வெளிப்படையாகப் பேச முடிந்தால்தான் இந்த வேலை உண்மையில் நடக்கிறது என்று அர்த்தம். எங்கள் பள்ளியில் அந்தப் பேச்சு வர இரண்டு வருடம் ஆனது. வந்த அன்று யாருக்கும் வசதியாக இல்லை. ஆனாலும் பேசினோம்.

உங்களுக்கே அந்தத் தலைமைப் பண்பு போதவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு அது ஸ்டாஃப் மீட்டிங்கில் தொடங்கியது. எச்.எம். ஒருநாள், "இனி மாதக் கூட்டத்தை வரிசைப்படி ஒவ்வொருவரும் நடத்துங்கள், நான் ஒரு ஓரமாக உட்கார்கிறேன்" என்றார். எதைப் பேசுவது என்று முடிவு செய்வது, நேரம் பார்ப்பது, பேசாதவரைப் பேச வைப்பது எல்லாம் அந்த மாதத்துக்காரர் வேலை. புதிதாக வந்திருந்த இளம் டீச்சர் மூன்றாவது மாதம் நடத்தினார். கை நடுங்கியது. முதல் கேள்வியாக, "காலை உணவுக்கும் முதல் பீரியடுக்கும் நடுவில் ஒன்றாம் வகுப்பு தினமும் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறது, யாராவது கவனித்தீர்களா?" என்று கேட்டார். கவனிக்கவில்லைதான். இருபது வருட அனுபவக்காரர்கள் நாங்கள். அடுத்த வாரமே அந்தக் கால் மணி நேரத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கதை வாசித்துக் காட்டும் நேரமாக மாற்றினோம், பொறுப்பு அந்த டீச்சருக்கு.

இதற்கெல்லாம் எச்.எம். மனது வேண்டும், அதை மறைக்க மாட்டேன். உங்கள் எச்.எம். நாற்காலியை விட்டுக்கொடுக்கத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். இரண்டு பேர் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்ப்பதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை, ஓய்வு பீரியட் ஒன்று போதும். நடப்பதைப் பார்த்து மூன்றாமவர் வருவார். வராவிட்டாலும் இரண்டு பேரோடு ஒரு வருடம் ஓட்டலாம். ஈராசிரியர் பள்ளிகளில் ஒருவர் வகுப்பை விட்டுவிட்டு இன்னொருவர் வகுப்புக்குப் போக முடியாது. அவர்கள், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் இன்னொருவரோடு பாடக்குறிப்பைச் சேர்ந்து எழுதிவிட்டு, பாடம் நடக்கும்போது செல்போனில் பிள்ளைகள் பேசுவதைப் பதிவு செய்து பிறகு சேர்ந்து கேட்கலாம். பதிவை வேறு யாருக்கும் அனுப்பக் கூடாது.

நேரம் எங்கே என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு, பயிற்சிகள், பதிவேடுகள் எல்லாம் எனக்கும் தெரியும். நாங்கள் மாதத்துக்கு ஒரு பாடம் என்று ஆரம்பித்து, அது முடியாமல் பருவத்துக்கு இரண்டு என்று குறைத்தோம். வருடத்துக்கு ஆறு பாடம். அது போதுமானதாக இருந்தது. தனிப் பதிவேடு வைக்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில் பாடம், தேதி, யார் பார்த்தார், என்ன கண்ணில் பட்டது என்று நாலு வரி, அவ்வளவுதான். பதிவேடாக ஆக்கிய அன்றே அது செத்துப்போகும் என்று பயந்தோம்.

முதலில் வகுப்பைத் திறப்பவர் நீங்களாக இருங்கள். நன்றாக நடத்தும் பாடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பல வருடமாக உங்களுக்கு வராத பாடத்தை எடுங்கள், அதை ஆசிரியர் அறையில் சத்தமாகச் சொல்லுங்கள். பார்க்க வருபவரிடம் ஒரே ஒரு வேலை கொடுங்கள்: கடைசி வரிசையில் மூன்று பிள்ளைகளை மட்டும் 40 நிமிடமும் பார்த்து, அவர்கள் செய்ததை எழுதித் தரச் சொல்லுங்கள். எந்தப் பாடம் என்று முடிவானதும் எனக்கு எழுதுங்கள். பின்னம் என்றால் எங்கள் பழைய பாடக்குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது, அனுப்பித் தருகிறேன். அதில் மூன்றாம் வகுப்பு டீச்சர் பென்சிலில் எழுதிய ஓரக்குறிப்புகளும் இருக்கும்.